வேலையை விட்டு நின்றவள்

தங்கபுஷ்பம் ஆஸ்பத்திரி வேலையை விட்டு நின்ற அன்றைக்குக் குற்றாலத்துச் சாரல் தென்காசி டவுன் வரைக்கும் வந்து விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் நின்றவர்கள் பலர். ஒருத்தி குவைத்துக்குப் போனாள், ஒருத்தி புனலூர்ப் பக்கம் போனாள், ஒருத்தி கல்யாணம் முடித்துப் போனாள், ஒருத்தி நர்சிங் படித்ததையே மறந்துவிட்டு ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தே பார்க்கிற வேலை, அக்கா, என்று போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். போனவர்கள் போனார்களே தவிர கட்டில்கள் எங்கேயும் போகவில்லை. ஒவ்வொருத்தியும் போகப் போக அவள் பார்த்த கட்டில்கள் நகர்ந்து நகர்ந்து புஷ்பத்தின் பக்கமாக வந்து சேர்ந்தன. கடைசியில் மாடியிலிருந்த பெண்கள் வார்டு முழுக்க அவளும், வள்ளியூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஜெனிட்டா என்ற சின்னப் பெண்ணும் மட்டும்தான் என்று ஆனது.

பாத்ரூம் போக நேரமில்லாததால் அவள் தண்ணீர் குடிப்பதை விட்டாள். டப்பாவில் கொண்டுவந்த இட்லியை நின்றுகொண்டே விண்டு வாயில் போட்டு, பாதியில் யாராவது கூப்பிட, மீதியை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோனாள். லீவு நாளில் துணி ஊற வைத்திருக்கும்போது மேட்ரன் ஞானசெல்வம் போன் பண்ணி, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வந்துரு புஷ்பம், ஆள் இல்லம்மா" என்பாள். அந்த ஒரு நாள் மட்டும் ஒவ்வொரு வாரமும் வந்தது. ஒரு தடவை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி, கண்டக்டர் தோளைத் தட்டியதும் பதறி எழுந்து, "டிரிப்ஸ் பாட்டில் முடிஞ்சிட்டா?" என்று அவனிடம் கேட்டாள். அப்போதுதான் போதும் என்று தோன்றியது. வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்தாள். மேட்ரன் அதை வாங்கி மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லு" என்றாள். புஷ்பத்துக்கு யோசிக்கவும் தெம்பில்லை.

கடைசி நாள் மதியம் டூட்டி முடிந்தபோது மாற்றிவிட யாரும் வரவில்லை. வருவாள் என்று சொல்லப்பட்டவளும் முந்தின நாள்தான் நின்றுவிட்டாள் என்று கீழேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். புஷ்பம் வாசலைப் பார்த்துக்கொண்டே ஒரு பாட்டிலை மாற்றினாள், ஒரு ஊசி போட்டாள், மூச்சுத் திணறிய ஒரு கிழவியை நிமிர்த்தி உட்கார வைத்தாள், மறுபடி வாசலைப் பார்த்தாள். வெளியே சாரல் நின்று வெயில் எட்டிப் பார்த்து மறுபடியும் சாரல் விழுந்தது. அப்புறம் அவள் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், படியிறங்கி, ரோட்டைக் கடந்து பஸ் ஏறினாள். படியிறங்கும்போது உடம்பிலிருந்து ஏதோ கழன்றுகொண்டது போல லேசாக இருந்தது. வேலையை விட்டால் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஜெனிட்டா போன் பண்ணினாள்.

"அக்கா, நீங்க வேலையை விட்டு நின்னுட்டீங்கன்னு சொன்னாங்க."

"ஆமாட்டி. நின்னுட்டேன்."

"நிக்கீங்கதான் அக்கா. இங்கதான் நிக்கீங்க. நான் டூட்டிக்கு வரும்போது ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல பி.பி. பாத்துக்கிட்டு நின்னீங்க. குட் மார்னிங் சொன்னேன், நீங்களும் சொன்னீங்க."

புஷ்பம் பாயில் படுத்தபடியே கொஞ்சம் யோசித்தாள். "இப்ப என்ன பண்ணுதேன்?"

"மருந்து கொடுத்துக்கிட்டு இருக்கீங்க."

"சரி, கொடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் புஷ்பம் திரும்பிப் படுத்துத் தூங்கினாள். எத்தனையோ வருஷத்துத் தூக்கம் பாக்கி இருந்தது.

ஆஸ்பத்திரியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேட்ரன் வந்து வார்டு வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே புஷ்பம் அதே வெள்ளைச் சேலையில், அதே இறுக்கிப் போட்ட கொண்டையோடு, கட்டிலுக்குக் கட்டில் போய்க்கொண்டிருந்தாள். மேட்ரன் தன் அறைக்குப் போய், டிராயரில் இருந்ததை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு, பெருமூச்சு விட்டு, அடுத்த வேலையைப் பார்த்தாள். மேனேஜர் வைரவன், ஆள் தேவை என்று பேப்பரில் கொடுக்க இருந்த விளம்பரத்தை வேண்டாம் என்றுவிட்டார். நின்றவள் வீட்டுக்குப் போவதில்லை, சாப்பிடுவதில்லை, உட்காருவதில்லை, லீவு கேட்பதில்லை என்பதெல்லாம் ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோனது. கேண்டீன்காரர் மரியாதைக்கு முதலில் சில நாள் டீ கொடுத்துவிட்டார். அது ஆடை கட்டித் திரும்பி வந்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் கட்டில் விளிம்பில் அவளுக்கென்று ஒரு முழம் மல்லிகைப்பூவை வைத்துவிட்டுப் போனார்கள். சுரண்டையிலிருந்து வந்த ஒரு அம்மாள், இந்த ஆஸ்பத்திரியில் எந்நேரம் கூப்பிட்டாலும் வருகிற ஒரு சிஸ்டர் இருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்ல, அந்தப் பக்கத்துக் காய்ச்சல்காரர்களெல்லாம் இங்கேயே வரத் தொடங்கினார்கள். ஒரு விழாவில் பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்து, சேவை என்றால் எங்கள் புஷ்பம் சிஸ்டரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேச, எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நேரத்திலும் அவள் மாடியில் பெட்பேன் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வார்டில் இன்னொருத்தி நின்றபோது அந்தக் கட்டில்களையும் அவளுக்கே கொடுத்தார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

புஷ்பத்தின் புருஷன் சுடலைமணி கரண்டு வேலை பார்ப்பவன். மாடியில் ஒரு ஃபேன் ஓடவில்லை என்று அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு, "ஏளா, அங்கயும் நீதான் இருக்க" என்றான்.

"பேசினீங்களா?"

"நான் எங்க பேச? ஏணியைப் போட்டு ஏறுனதும், 'பேஷண்டு தூங்குதாங்க, சத்தம் போடாதீங்க'ன்னு ஒரு அதட்டு. அப்படியே நீதான்."

இருவரும் சிரித்தார்கள். தெருவிலும் அப்படித்தான் பேச்சு. அங்கே ஒன்று இங்கே ஒன்று இருந்தால் நமக்கும் நல்லதுதானே என்று பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் ஏக்கத்தோடு சொன்னாள்.

ஆனால் தூக்கமெல்லாம் தூங்கித் தீர்ந்த பிறகு புஷ்பத்துக்குத் தன்னிடம் ஏதோ குறைவது தெரிந்தது. கால் வலிக்கவில்லை, இடுப்பு வலிக்கவில்லை, அதெல்லாம் சுகம்தான். பால் பொங்கி அடுப்பில் வழிவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். எதிர்வீட்டுப் பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்து வந்தபோது, ரத்தம் வருதே என்று நினைத்தாளே தவிர கை நீளவில்லை. யாராவது இருமினால் முன்பெல்லாம் அடுத்த அறையிலிருந்தே அது சளியா இளைப்பா என்று காது பிரித்துச் சொல்லும். இப்போது இருமல் வெறும் சத்தமாக வந்து, சத்தமாகவே போனது. ஓய்வாக இருப்பதென்றால் இதுதானோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

அவர்களுடைய மகள் சண்முகப்பிரியா, நாலாம் வகுப்பு படிக்கிறவள், ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் மேல் சாய்ந்தாள்.

"அம்மா, குளிருது."

புஷ்பம் அவள் நெற்றியில் கையை வைத்தாள். சுவரில் கை வைத்தது போலிருந்தது. சூடுமில்லை, குளிர்ச்சியுமில்லை. "போர்த்திக்கிட்டுப் படு, சரியாயிரும்" என்றாள். பிள்ளை மறுநாளும் படுத்தே கிடந்தாள். அதற்கடுத்த நாள், சிவகாசிக்கு வேலைக்குப் போயிருந்த சுடலைமணி திரும்பி வந்து, பிள்ளையைத் தூக்கின மாத்திரத்தில் அலறினான்.

"நெருப்பாக் கொதிக்கே! உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. ஏளா, நீ தொட்டுப் பாக்கலியா?"

"பாத்தேன்."

"பாத்தியா? நீயெல்லாம் ஒரு நர்சா?"

புஷ்பம் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆட்டோ பிடித்து, பக்கத்தில் இருப்பது அதுதான் என்பதால், அதே ஆஸ்பத்திரிக்கே போனார்கள்.

மாடி வார்டில் அவள் நின்றுகொண்டிருந்தாள். புஷ்பம் தன்னைத் தானே அன்றைக்குத்தான் பார்த்தாள். கண்ணாடியில் பார்ப்பது வேறு. இது பின்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து, நடந்து வருகையில் பார்ப்பது. அவள் வந்து, பிள்ளையைப் படுக்க வைத்து, நெற்றியில் புறங்கையை வைத்தாள். வைத்ததுமே முகம் மாறியது.

"எத்தனை நாளாக் காய்ச்சல்? ஒண்ணுக்குப் போறாளா? வயிறு வலிக்குன்னு சொன்னாளா?"

புஷ்பத்துக்கு ஒரு கேள்விக்கும் பதில் தெரியவில்லை. கேட்டவள் காத்திருக்கவில்லை. பிள்ளையின் கையைத் தன் மடியில் வைத்து, ஸ்கூல்ல யாருட்டி உன் கூட்டாளி என்று கேட்டு, பிள்ளை பெயரைச் சொல்லி முடிக்குமுன் ஊசியை ஏற்றி ரத்தம் எடுத்துப் பஞ்சும் வைத்துவிட்டாள். பிரியா அரைக்கண்ணில் அவளை அண்ணாந்து பார்த்து, "அம்மா" என்றாள். தலைமாட்டில் நின்ற புஷ்பத்தை அல்ல, ஊசி போட்டவளை.

"பிள்ளைகூட அட்டெண்டர் ஒருத்தர் இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

டெங்கு என்றார்கள். ரத்தத்தில் தட்டணுக்களின் எண்ணிக்கை இறங்குகிறது என்றார்கள், இன்னும் இறங்குகிறது என்றார்கள். புஷ்பம் கட்டிலடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷம் வேலை பார்த்த வார்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கும்போதுதான், தான் பார்த்த வேலை என்னவென்று தெரிந்தது. யாரோ கூப்பிடுகிறார்கள், அவள் போகிறாள். போகும் வழியில் இன்னொருவர் கூப்பிடுகிறார், அதையும் வாங்கிக்கொண்டு போகிறாள். வாந்தியைத் துடைக்கிறாள், வசவை வாங்குகிறாள், செத்துப்போன ஒரு கிழவியின் கண்ணை மூடிவிட்டு அந்தக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து பிரியாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். டாக்டர் கொஞ்சம் பொறுப்போம் என்றபோது, வேண்டாம் சார், வயிறு வீங்குது, இப்பவே பாருங்க என்று பிள்ளைக்காக அவரிடம் நின்று வாதாடியதும் அவள்தான். அன்றைக்கு அவள் வாதாடியிருக்காவிட்டால் பிள்ளை தேறியிருக்க மாட்டாள் என்று பின்னால் அந்த டாக்டரே சுடலைமணியிடம் சொன்னார்.

எண்ணிக்கை ஏறத் தொடங்கிய ஒரு மத்தியானம், வார்டு கொஞ்சம் அடங்கிய நேரத்தில், புஷ்பம் அங்கே நின்றவளுடைய கால்களைப் பார்த்தாள். செருப்பு வார் சதைக்குள் புதைந்து, வாருக்கு இரண்டு பக்கமும் கால் பொதபொதவென்று வீங்கியிருந்தது. உதட்டுத் தோல் காய்ந்து தொங்கியது. அவள் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, இரும்புக் கதவில் நெற்றியை முட்டுக் கொடுத்து, கண்ணை மூடாமல், மூன்று மூச்சு விடுகிற நேரம் நின்றாள். பிறகு யாரோ கூப்பிட, இதோ வாரேன் என்று திரும்பினாள்.

ஸ்டூலில் இருந்த புஷ்பம் வீக்கமில்லாத தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். நான் இவளை இப்படி இங்கே விட்டுவிட்டு வந்து வீட்டில் படுத்துத் தூங்கினேனே என்று நினைத்தாள்.

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கு, சுடலைமணி பிரியாவை முன்னதாகவே வண்டியில் கூட்டிக்கொண்டு போனான். புஷ்பம் போகவில்லை. ஜெனிட்டாவிடம் வந்து, "நான் அவளைக் கூட்டிட்டுப் போகப்போறேன்" என்றாள்.

ஜெனிட்டாவின் முகம் வெளுத்தது. புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க கால்ல விழுதேன். நீங்க வேணா போங்க, அவங்களை மட்டும் விட்டுட்டுப் போங்க. அவங்களும் போயிட்டா இத்தனை கட்டிலுக்கும் நான் ஒருத்திதான். நான் செத்துருவேன் அக்கா."

"அவ நிக்கிற வரைக்கும் உனக்குத் துணைக்கு யாரும் வரமாட்டாங்கட்டி. எதுக்கு வரணும்? அதான் அவ நிக்காளே. நாளைக்கு நீ நின்னாலும் உன் கட்டிலையும் அவகிட்டதான் கொடுப்பாங்க."

ஜெனிட்டா அழுதாள். ஆனால் பிடித்த கையை விட்டாள்.

புஷ்பம் போய், வார்டில் நின்றவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அது சுட்டது. "வா, வீட்டுக்குப் போவோம்" என்றாள். இழுத்த இழுப்புக்கு அவள் அசையவில்லை. கோபமுமில்லை, முகத்தில் அடையாளம் கண்டுகொண்ட குறியும் இல்லை.

"ரிலீவர் வரலியே" என்றாள். "ஆள் வரட்டும். ஒப்படைச்சிட்டு வாரேன்."

நான் வாங்கிக்கிடுதேன், என்னிடம் ஒப்படை என்று சொல்லப் புஷ்பத்துக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. இவள் போவாள், இவளுக்குப் பதில் புஷ்பமே மறுபடி அங்கே நிற்க வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டு படியிறங்கி, மேட்ரன் ஞானசெல்வத்தின் அறைக்குப் போனாள். மேட்ரன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க வந்து டூட்டி வாங்கணும்."

"நானா? வார்டுல நின்னு எத்தனை வருஷம் ஆச்சு! முட்டி மடங்க மாட்டேங்குதும்மா."

"அவளுக்கும் கால் வீங்கித்தான் கிடக்கு. நீங்க பாக்கலியா?"

மேட்ரன் தைலப் பாட்டிலை மூடினாள். "பாத்தேன்" என்றாள். "தினமும்தான் பாக்கேன். பாத்துட்டு வந்து இங்கன உக்காந்துக்கிடுவேன்." பிறகு மேஜையைப் பிடித்து எழுந்து, தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் படிப்படியாக மாடியேறினாள்.

அன்றைக்கு அந்த வார்டில் டூட்டி ஒப்படைத்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். நின்றவள் முதல் கட்டிலில் தொடங்கினாள். இவங்க பேரு மாடத்தி, சர்க்கரைக்குச் சேர்ந்தவங்க, மகன் வரலைன்னு சாப்பிட மாட்டாங்க, வந்துட்டான் கீழ நிக்கான்னு சொன்னா ரெண்டு வாய் சாப்பிடுவாங்க. இவங்களுக்கு இடது கையில நரம்பு கிடைக்காது, சூடு தண்ணி ஒத்தடம் கொடுத்துட்டுக் குத்தணும். இந்தப் பிள்ளை விஷம் குடிச்சு வந்தது, ஏன்னு கேக்கக் கூடாது, ஜன்னல் பக்கம் தனியா விடவும் கூடாது. இவங்க வலிக்கலைம்பாங்க, நம்பாதீங்க, விரலைப் பாருங்க, போர்வையைப் பிடிச்சு முறுக்கினா வலிக்குன்னு அர்த்தம். இப்படிக் கட்டில் கட்டிலாக, ஒருவரையும் விடாமல், அவள் சொல்லிக்கொண்டே போக, மேட்ரன் பின்னாலேயே நொண்டி நொண்டிக் கேட்டுக்கொண்டே போனாள். படுத்திருந்தவர்கள் தங்களைப் பற்றி ஒருத்தி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாளே என்று தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். கடைசிக் கட்டில் காலியாக இருந்தது, பிரியாவின் கட்டில். அதன் முன்னால் வந்து நின்று, "இது என் மக" என்றாள். அவள் குரல் தடுமாறியது அந்த ஒரு இடத்தில்தான். "வீட்டுக்குப் போயிட்டா."

"வாங்கிக்கிட்டேன் சிஸ்டர்" என்றாள் மேட்ரன். "நீ போ."

அதற்குள் மேனேஜர் வைரவன் வாசலுக்கு வந்துவிட்டார். "என்ன மேடம் இது, அவங்க நம்ம ஸ்டாஃபு. நீங்க பாட்டுக்கு அனுப்பினா எப்படி?"

"வைரவன், பெரிய டாக்டரை இங்க வரச் சொல்லுங்க. இந்த வார்டுக்கு ஆள் போடற வரைக்கும் புதுசா ஒரு கட்டிலும் நிரப்ப மாட்டேன். கீழ வந்து பேச எனக்கு முடியாது. நான் டூட்டியில நிக்கேன்." மேட்ரன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்பினாள். "ஜெனிட்டா, போய் ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டு, அரை மணி நேரம் உக்காந்துட்டு வாட்டி."

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெரிய டாக்டர் வந்தார், சத்தம் போட்டார், ஞானசெல்வம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக் காலியாகவே கிடந்ததும் ஆள் எடுத்தார்கள். சிலர் வந்தார்கள், வந்தவர்களில் சிலர் மறுபடியும் போனார்கள். போதுமான ஆள் என்பது அங்கே எப்போதும் வரவில்லை. ஆனால் டூட்டி மாற்ற ஆள் வராமல் யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பது மட்டும் அந்த மாடியில் பழக்கமானது. ஜெனிட்டா இன்னும் அங்கேதான் இருக்கிறாள், இந்தக் கதையைச் சொல்கிற வரைக்கும்.

அன்றைக்கு ஒப்படைத்து முடித்தவளைப் புஷ்பம் கையைப் பிடித்துப் படியிறக்கி, ரோட்டைக் கடக்க வைத்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தாள். உட்காரும்போது முழங்கால் மடங்க மறுத்தது. புஷ்பம் மெல்ல அமுக்கி மடக்கினாள். கண்டக்டர் வந்து இருவரையும் ஒரு தரம் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்காமலே ரெண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். சாரல் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்: தென்னந்தோப்பு, குளம், குளத்துக்குள் தலைகீழாய் மலை. பாதி வழியில் அவள் தலை புஷ்பத்தின் தோளில் சாய்ந்தது. கனமாக இருந்தது. இன்னும் கனத்தது. ஊர் வந்து புஷ்பம் எழப்போனபோது பக்கத்துச் சீட்டில் யாருமில்லை. அவளால் எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

பாதத்திலிருந்து இடுப்பு வரைக்கும் அத்தனை மாசத்து வலியும் ஒன்றாகச் சேர்ந்து ஏறியது. தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. கம்பியைப் பிடித்து இறங்கி, ஸ்டாப்புக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் நன்னாரி சர்பத் வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள், இன்னொன்று வாங்கிக் குடித்தாள், வெறும் தண்ணீர் கேட்டு அதையும் குடித்தாள். கடைக்காரரின் குழந்தை மடியில் இருந்து சிணுங்கியது. "மூக்கடைப்பு. ராத்திரி தூங்கியிருக்காது" என்று தன்னை அறியாமல் சொன்னாள். ஆமா சிஸ்டர், எப்படிக் கண்டீங்க என்றார் கடைக்காரர்.

சிமெண்டு பெஞ்சில் போய் விழுந்து, செருப்பைக் கழற்றினாள். போன் அடித்தது. சுடலைமணி.

"எங்க இருக்க? பிள்ளை கேக்கா."

"நம்ம ஸ்டாப்புலதான்."

"வண்டி எடுத்துட்டு வரவா?"

அவள் வீங்கிய கால்களை நீட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள். ஒரு பஸ் வந்து நின்று, யாரும் ஏறாததால் கிளம்பிப் போனது.

"இப்ப வேண்டாங்க" என்றாள். "கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்."